தண்ணீர் தங்காத கை

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை கண்டுவிட்டு வந்த தொபியாஸ் முற்றத்துக் குடத்தில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டான், மொண்ட தண்ணீர் அவன் கையிலேயே பிராந்தியாகிவிட்டது. அடுப்படியில் சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்த அவன் மனைவி செலஸ்தீனுக்கு அந்த வாடை எட்டியபோது ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது மாதமாக அந்த வீட்டுப் பக்கம் வராத வாடை அது.

"நெனச்சேன். கிறிஸ்துமஸ் வரட்டும்னு காத்துக் கெடந்திருக்கீங்க" என்றாள்.

"மாதா மேல சத்தியமா இல்ல செலஸ்தீன். தண்ணியத்தான் மொண்டேன். நீயே வந்து பாரு."

அவள் பார்க்கவே அவன் குடத்துக்குள் ஒரு விரலை விட்டான். சாயம் போகிற புதுத்துணியை முக்கினால் எப்படியோ அப்படி, விரலைச் சுற்றி முதலில் ஒரு செம்மை படர்ந்தது, பிறகு குடம் முழுவதும் நிறம் மாறியது. செலஸ்தீன் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். கொல்லையில் மேய்ந்த கோழிகள் அன்று மத்தியானம் வரைக்கும் சுவரில் சாய்ந்தே நின்றன.

தோமையார்முனை என்பது கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒற்றைச் சாலையை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்கே எந்த வீட்டுச் சங்கதியும் முதலில் பக்கத்து வீட்டு வேலியில்தான் காயும். தொபியாஸ் வீட்டுக்குப் பக்கத்து வீடு ரெமிஜியா அக்காவுடையது. கிறிஸ்துமஸ் வந்தால் ஊர் முழுவதுக்கும் கேக் போட்டுக் கொடுப்பவள், குடித்துவிட்டு வந்த புருஷனை ஒருமுறை விளக்குமாற்றோடு தேர்த்தெரு முழுக்கத் துரத்தியவள். "கையில ஏதோ வியாதிட்டி. தேங்காண்ணயத் தேய்ச்சுப் பாரு" என்றாள் அவள். தேய்த்தார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். கோயில் வாசல் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை போட்டான், தொட்டித் தண்ணீரும் நிறம் மாறி, கோயில்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு அதை இறைத்து ஊற்ற வேண்டியதாயிற்று. பங்குச் சாமியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கானாவூர்ல ஆண்டவர் மாத்துனது திராட்ச ரசம். பிராந்தியப் பத்தி வேதத்துல ஒண்ணும் சொல்லல" என்றார். அற்புதமும் இல்லை, பாவமும் இல்லை என்று ஆனதும் ஊருக்கு நிம்மதியாயிற்று. அடைமழையைப்போல, டீசல் விலையைப்போல, அதுவும் ஊரில் நடக்கிற ஒன்றாகிவிட்டது.

ஊர் ஆண்களுக்குத் தொபியாஸ் மீது ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் இருந்தது. தோமையார்முனையில் சாம்பல் புதன் வந்தால் ஆண்கள் குடியை நிறுத்துவார்கள், தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு தொடமாட்டார்கள், ஈஸ்டர் பூசை முடிந்து வெயில் ஏறுவதற்குள் ஊரே திரும்பக் குடித்திருக்கும். இப்படித்தான் அவர்கள் அப்பன்களும் செய்தார்கள். இந்த வருஷம் தொபியாஸ் நிறுத்தினான், ஈஸ்டர் போயிற்று, மாதா திருவிழா போயிற்று, கல்லறைத் திருநாளும் போயிற்று, அவன் திரும்பவே இல்லை. "தவக்காலம் முடிஞ்சுட்டுன்னு அவன்ட்ட எவனாவது சொல்லுங்கல" என்று கேலி பேசினார்கள். குடிக்கிற இடத்தில் குடிக்காத ஒருத்தன் உட்கார்ந்தால் மற்றவன் டம்ளர் அவனுக்கே பெரிதாகத் தெரியும், அதுதான் விஷயம்.

ஆகவே அவன் கைச் சங்கதி தெரிந்ததும் முதல் ஆளாக வந்தது நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரரான கஸ்பார் அண்ணாச்சிதான். ஒரு பித்தளை அண்டா நிறையத் தண்ணீரோடு வந்தார்.

"நீ குடிக்காண்டாம்ல தொபியாஸ். உன்ன யாரு குடிக்கச் சொன்னா? விரதம் இருக்கவன் சோறு பொங்குனா விரதம் கெட்டா போவுது? வெரல வச்சு எடு, சோலி முடிஞ்சுது. ஊருக்குப் பண்டிக நடக்காண்டாமா?"

தொபியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை முக்கி எடுத்தான். எடுத்த விரலை மணலில் புரட்டிப் புரட்டித் துடைத்தான். மறுநாள் குடங்கள் வந்தன, அதற்கு மறுநாள் வாளிகளும் பெயிண்ட் டப்பாக்களும் வந்தன, கடலுக்குப் போகாத மழை நாட்களில் அவன் வீட்டு வாசலில் வரிசை நின்றது, வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள், சங்கீதக்காரர்கள் நின்றபடியே கரோல் பாட்டுகளை ஒத்திகை பார்த்தார்கள். முடியாது என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு வருஷமாக ஊருக்கு முன்னால் தலையைக் குனிந்தே நடந்தவன் அவன்.

அதற்குக் காரணம் பெலிக்ஸ். பெலிக்ஸ் செலஸ்தீனின் தம்பி. போன கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், ஆட்டுக்கறிச் சோறு தின்ற கை காய்வதற்குள், அத்தானும் மச்சினனுமாக ஒரு பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, தொபியாஸ் பழுது பார்த்து வைத்திருந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லி, வள்ளத்தை எடுத்துக்கொண்டு மணல்திட்டுப் பக்கம் போனார்கள். வள்ளம் கவிழ்ந்தது. தொபியாஸ் பெலிக்ஸைத் திட்டுக்கு இழுத்துப் போட்டான். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது பெலிக்ஸ் செத்திருந்தான், தொபியாஸ் அவன் பக்கத்தில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தான். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான், செலஸ்தீனுக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த அன்றிலிருந்து அவள் புருஷனுக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தண்ணீர் மட்டும் கையால் கொடுப்பதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் காலி டம்ளர் இருக்கும், அவனே எழுந்துபோய் மொண்டு குடித்துக்கொள்வான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசாமலேயே அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. இப்போது அந்தப் பழக்கம்தான் அவன் கழுத்தைப் பிடித்தது, ஏனென்றால் தொட்டதெல்லாம் பிராந்தியாகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது?

குழாயில் வாய் வைத்துப் பார்த்தான், மாறியது. மழையில் வாயைப் பிளந்து நின்றான், நாக்கில் பட்ட துளி மாறியது. சோடாவும் மாறியது, இளநீரும் மாறியது. கடல் மட்டும் அவனைக் கண்டுகொள்ளவில்லை, எத்தனை முறை கையை விட்டாலும் கடல் கடலாகவே கிடந்தது. மூன்றாம் நாள் நாக்கு வறண்டு தள்ளாடி வந்தவனைப் பார்த்துவிட்டு, "எய்யா, இங்க வாரும், வாயத் தொறயும்" என்று ரெமிஜியா அக்கா வேலிக்கு மேலாகத் தன் செம்பிலிருந்து ஊற்றினாள், அது தண்ணீராகவே இறங்கியது. அன்று முதல் காலையும் மாலையும் அவன் வேலியோரம் மணலில் முழங்காலிட்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவனைப்போல அண்ணாந்து வாயைத் திறப்பான், அவள் ஊற்றுவாள். ஒருநாள் அவள் ஊரில் இல்லாதபோது கஸ்பார் அண்ணாச்சி செம்பை வாங்கி ஊற்றினார். செம்பை விட்டுக் கிளம்பிய தண்ணீர் பாதி வழியிலேயே பிராந்தியாகி அவன் மூக்கில் விழுந்தது. அவன் குடிப்பதை உள்ளூர விரும்புகிறவன் கையில் அது தண்ணீராக நிற்காது என்றார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, அவன் கைச் சரக்கை ஒரு சொட்டாவது ருசித்த ஆள் ஊற்றினால் நிற்காது என்றார்கள் சிலர். மனசா, நாக்கா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டது, பேசுவதற்குத் தொண்டையை நனைத்துக்கொண்டே பேசியது.

செலஸ்தீன் இதையெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீட்டுச் சுவரெல்லாம் அந்த வாடை ஏறியிருந்தது. தலையணையில் இருந்தது, சோற்றில் இருந்தது, பெலிக்ஸின் படத்துக்குப் போட்ட மாலையில்கூட இருந்தது. சில நேரம் முற்றத்தில் செம்பு உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பாள், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், குடத்தைச் சுற்றி மணல் மட்டும் ஈரமாக, ஈரக்காலோடு யாரோ வந்து நின்றுவிட்டுப் போனமாதிரி இருக்கும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கால்தடத்தின் அளவு அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. குடிகாரப் புருஷனைச் சபிப்பது எளிதாக இருந்தது, வாய்க்குப் பழகியிருந்தது. குடிக்காத இவன், எஞ்சின் எண்ணெய் நகத்தில் படிந்த கையோடு சத்தமில்லாமல் வந்து சோற்றைத் தின்றுவிட்டு, தட்டையும் கழுவி வைக்கிற இவன், அவளை என்ன செய்வதென்றே தெரியாமல் ஆக்கினான்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் புயல்மழை பிடித்து, உப்பளச் சாலை தண்ணீருக்கடியில் போனது. பஸ் வரவில்லை. ரெமிஜியா அக்காவுக்குக் கேக் ஆர்டர் குவிந்து கிடந்தது, திராட்சையையும் முந்திரியையும் ஊறப்போட டவுனிலிருந்து வரவேண்டிய பாட்டில் வரவில்லை. அவள் ஒரு கிண்ணம் தண்ணீரை வேலிக்கு மேல் நீட்டினாள். தனக்குத் தண்ணீர் கொடுக்கிற கைக்கு எப்படி மாட்டேன் என்பது என்று தொபியாஸும் விரலை வைத்தான்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு கேக் தட்டுகள் கிளம்பின. பின்னல் துணி மூடிய தட்டு எல்லா வீட்டுக்கும் போகும், டீக்கடை சுலைமான் பாய் வீட்டுக்கும் போகும், உப்பளத்து வாட்ச்மேன் வீட்டுக்கும் போகும், வாங்குகிறவர்கள் வெறுந்தட்டைத் திருப்பித் தராமல் ஒரு பிடி சீனியாவது வைத்து அனுப்புவார்கள். துக்க வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை என்பதால் முதல் தட்டு துக்க வீட்டுக்குத்தான். துணியை விலக்கியதுமே செலஸ்தீனுக்கு வாடை தெரிந்துவிட்டது.

"அக்கா, இது இவிய கைபட்டதா?"

"ஆமா, அதுக்கென்ன? குடிச்சாத்தானட்டி குடி? மாவுல போட்டு வேகவச்சா எல்லாம் ஆவியாப் போயிரும். பிள்ளைங்களே திங்குது."

செலஸ்தீன் தட்டை அப்படியே மூடிப் பெலிக்ஸின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அவள் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை, தொபியாஸும் வைக்கவில்லை. ஊரில் மற்ற எல்லாரும் தின்றார்கள்.

மறுநாள் காலை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தொபியாஸ் வழக்கம்போல வேலியோரம் முழங்காலிட்டான், ரெமிஜியா அக்கா செம்பைச் சாய்த்தாள். விழுந்த தாரை சிவப்பாக இருந்தது. கண்ணை மூடி அண்ணாந்திருந்தவன் அதைப் பார்க்கவில்லை. வாய் நிறைந்ததும் அவன் உடம்பு விறைத்தது.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு வாய் நிறைய அது. அவன் துப்பவில்லை, விழுங்கவும் இல்லை. அவன் கன்னம் உப்பியிருப்பதையும், குரல்வளை மேலேறி நிற்பதையும், கண் ஓரம் நீர் கோப்பதையும் செலஸ்தீன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போது அவளுக்குள் ஒரு குரல் கேட்டது, அவளுடைய குரலேதான். *முழுங்கு* என்றது. முழுங்கித் தொலை, உன்னைப் பழையபடி சபித்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்கிறேன் என்றது. அவன் குனிந்து மணலில் துப்பினான், துப்பிவிட்டு வெறும் வயிற்றோடு வாந்தியெடுத்தான், நெற்றியை மணலில் முட்டிக்கொண்டு அழுதான். ரெமிஜியா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செலஸ்தீன் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

அன்று பகலும் மறுநாளும் ஊர் என்னவெல்லாமோ செய்து பார்த்தது. ஊற்றாத கை இல்லை. சுலைமான் பாய் ஊற்றினார், பாடற்குழுப் பெண்கள் ஊற்றினார்கள். கிறிஸ்துமஸ் பூசையும், அதோடு சேர்த்து ஓதிய பெலிக்ஸின் வருஷப் பூசையும் முடிந்த கையோடு பங்குச் சாமியாரே அங்கியைக் களையாமல் வந்து ஊற்றினார், ஊற்றிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் சிவப்பாகவே விழுந்தது. சிரிப்பு நின்றுபோன ஊரில் கரோல் பாட்டும் நின்றது, நட்சத்திரங்கள் மட்டும் பகலிலும் அணைக்க மறந்து எரிந்தன. கடைசியில் ரெமிஜியா அக்காதான் சொன்னாள்: "கேக் திங்காதவ இந்த ஊர்ல ஒருத்திதான் இருக்கா."

பெண்கள் கூட்டமாகச் செலஸ்தீன் முன்னால் வந்து நின்றார்கள்.

"உன் தம்பிய நெனச்சு நீ கோவப்படுதது நியாயந்தான் தாயீ. ஒரு வாய் ஊத்திரு. ரெண்டு நாளாச்சு" என்றாள் ரெமிஜியா.

"என் கையால முடியாதுக்கா."

"வைராக்கியத்துக்கு இதுவா நேரம்?"

வைராக்கியம் இல்லை, பயம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? நாக்குதான் காரணம் என்றால் பிழைத்தான். மனசுதான் காரணம் என்றால், நேற்று ஜன்னலில் நின்று முழுங்கு என்று சொன்ன மனசு அது. அவள் ஊற்றி அது சிவப்பாக விழுந்தால் அவனும் சாவான், அவள் இன்னாரென்று ஊரும் பார்க்கும், அதற்குமேல் அவளும் தன்னைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் முற்றத்தில் கஸ்பார் அண்ணாச்சியின் குரல் கேட்டது. கையில் பிராந்தி டம்ளரோடு வந்திருந்தார், இந்தமுறை அவர் குரலில் கேலி இல்லை. "மருந்துன்னு நெனச்சுக் குடில. சாவக் கெடக்கவனுக்குப் பாவம் இல்ல. நான் சாமியார்ட்ட கேட்டுட்டுதான் வாரேன். எங்களால பாக்க முடியலல."

தொபியாஸ் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவர் டம்ளரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். டம்ளரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு, அடுப்படிக் கதவுக்கு வந்து தட்டினான்.

"தண்ணி கேட்டு வரல" என்றான். உதடு வெடித்திருந்தது, பேச்சு உரசி உரசி வந்தது. "ஒண்ணு சொல்லணும். நாளைக்கு நாக்கு பொரளுமோ என்னமோ."

அவள் கதவைத் திறந்தாள்.

"நம்ம பெலிக்ஸ் உடனே சாவல. திட்டுல கெடக்கும்போது முழிச்சான். 'அத்தான், தண்ணி'ன்னான். வள்ளத்துத் தண்ணி கேன் கொஞ்சம் தள்ளி ஒதுங்கிக் கெடந்துச்சு. என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது. எந்திரிக்க முடியல. எந்திரிக்க முடியலன்னு இல்ல, சடவா, சோம்பலா இருந்துச்சு. இடுப்புல பாட்டில் இருந்துச்சு. அத அவன் வாயில ஊத்துனேன். இருமுனான். சிரிச்சேன். மறுபடியும் தண்ணின்னான். மறுபடியும் அதத்தான் ஊத்துனேன். அப்புறம் அவன் கேக்கல."

சொல்லிவிட்டு அவன் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தான். எதையும் எதிர்பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான்.

செலஸ்தீன் அடுப்படிக்குள் திரும்பினாள். அம்மிக்குழவியைத் தூக்கி அவன் தலையில் போட்டுவிடுவோம் என்றுதான் அவள் கை முதலில் போனது. தம்பியின் வெடித்த உதடு கண்ணில் நின்றது. எதிரே அதேபோல் வெடித்த உதடு ஒன்று இருந்தது. குழவிக்குப் போன கை பானைக்குள் போய்ச் செம்பை முக்கி எடுத்தது. ஏன் எடுத்தது என்று அவளிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மன்னித்தாளா என்றால் இல்லை. இரங்கினாளா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் கேட்டுச் செத்த பிள்ளை ஒன்று போதும் அந்த வீட்டுக்கு, அவ்வளவுதான்.

அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். செம்பைச் சாய்க்கும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், தாரையின் நிறத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவன் தொண்டையில் களக் களக்கென்று சத்தம் கேட்டது. அவன் துப்பவில்லை. கண்ணைத் திறக்காமலே அவள் குனிந்து, கல்யாணமான நாளிலிருந்து அவன் வீடு திரும்பும்போதெல்லாம் வாசற்படியில் வைத்துச் செய்ததைப்போல, அவன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தாள்.

ஒரு வாடையும் இல்லை. காய்ந்த வாயின் வீச்சம் மட்டும் இருந்தது.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள். ஊர் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது, யாரும் உள்ளே வரவில்லை. அழுது முடித்து, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, செம்பை மறுபடியும் பானையில் முக்கினாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க" என்றாள். "நாளைக்கு இது என் கையில தண்ணியா நிக்குமான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு நிக்குது. வாயத் தொறங்க."